பின் அடித்த பக்கங்கள்

தனுஷ்கோடி அண்ணாச்சி தபாலாபீஸ் வேலையில் ஓய்வு பெற்றவர். அவருக்குக் கதை எழுதச் சொல்லிக்கொடுத்த குருவோ அவர் மகள் வயசுக்காரி. பெயர் சகாயராணி. பதின்மூன்று, பதினாலு வயசுப் பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் எழுதுவதில் அந்தப் பக்கம் அவரை விட்டால் ஆள் கிடையாது. ஓய்வு பெற்ற கையோடு அண்ணாச்சி அவர் வீட்டு வாசலில் போய், "டீச்சர், எனக்கும் கத்துக்கொடுங்க" என்று நின்றார்.

ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். "பாப்பா கதையா அண்ணாச்சி? பெரியவங்களுக்கு எப்ப எழுதப்போறீக?" என்று கல்யாண வீட்டில்கூட கேட்டார்கள். எல்லாவற்றையும் முழுங்கிக்கொண்டு அவர் ஒரு நாவல் எழுதி முடித்தார்.

அதில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி. தன்னிடம் தப்பாக நடந்த மாமனைப் பற்றி, சொந்தபந்தம் கூடியிருக்கிற இடத்தில் எழுந்து நின்று சொல்லிவிடுகிறாள். அந்த இடம் இரண்டே பக்கம்தான். டீச்சர் அதை எத்தனையோ தடவை கிழித்துப்போட்டுத் திரும்ப எழுதச் சொன்னார். கடைசியில்தான், "இப்பத்தான் அண்ணாச்சி, ஒரு பிள்ளை பேசுத பேச்சா இருக்கு" என்றார்.

புத்தகம் வந்ததும் அண்ணாச்சி பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு ஒரு கட்டு சும்மாவே கொடுத்திருந்தார்.

இன்றைக்கு மத்தியானம் டீச்சர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அண்ணாச்சி ஒரு சாக்கு மூட்டையை இழுத்துக்கொண்டு வந்து தொப்பென்று போட்டார். முகம் சிவந்திருந்தது.

"என்ன மூட்டை அண்ணாச்சி?"

"என் புத்தகம் டீச்சர். பள்ளிக்கூடத்துல இருந்து திருப்பித் தூக்கிட்டு வந்துட்டேன்."

"ஏன்?"

"பேச வாங்கன்னு கூப்பிட்டாங்க. போனேன். லைப்ரரியில என் புத்தகத்தை ஆசையா எடுத்துப் பிரிச்சேன். அந்த ரெண்டு பக்கத்தையும் ஒண்ணோட ஒண்ணு சேர்த்து வச்சு, சுத்திலும் ஸ்டேப்ளர் பின் அடிச்சிருக்காங்க! எல்லாப் புத்தகத்துலயும் டீச்சர்! பொட்டலம் கட்டுத மாதிரி!"

"தலைமையாசிரியை என்ன சொன்னாங்க?"

"'கதை அருமை சார். அந்த இடம் மட்டும் பொம்பளப் பிள்ளைகளுக்கு வேண்டாமேன்னு பாத்தோம்.' வேண்டாமாம்! தப்பு பண்ணுதவன் கையை வீசிட்டு ஊருக்குள்ள திரியுதான். நடந்ததைச் சொல்லுத பிள்ளை வாய்க்குப் பின் அடிக்காங்க! இதுக்குப் பேரு பள்ளிக்கூடமா?"

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"'நான் குடுத்தது, நானே எடுத்துக்கிடுதேன்'னு சொல்லிட்டேன். ஒண்ணு விடல. அலமாரியைத் துடைச்சு எடுத்துட்டேன்."

"அவங்க தடுக்கலையா?"

"எங்க தடுத்தாங்க? சாக்கு குடுத்தாங்க, கயிறு குடுத்தாங்க, ஆட்டோவையும் அவங்களே கூப்பிட்டு விட்டாங்க."

டீச்சரின் கை கீரையில் நின்றது.

"பிள்ளைக?"

"ஒரு பிள்ளை புத்தகத்தை நெஞ்சோட வச்சிருந்துச்சு. 'பாதிதான் படிச்சிருக்கேன் சார்'னுச்சு. 'உனக்காகத்தான்மா சண்டை போடுதேன்'னு சொல்லி வாங்கிப் போட்டேன். ஆட்டோ கிளம்புதப்ப ஜன்னல் நெறைய பிள்ளைக நின்னு பாத்தாங்க டீச்சர். அவங்களுக்கும் எவ்வளவு ஆத்திரம் இருந்திருக்கும்!"

"இருந்திருக்கும்" என்றார் டீச்சர்.

அந்தக் குரல் அண்ணாச்சிக்குப் பிடிபடவில்லை.

"உங்களுக்குக் கோபமே வரலையா?"

"வருது அண்ணாச்சி. வயிறு எரியுது."

"பின்ன என்ன? எழுதுதவனுக்கு மானம் வேண்டாமா? நான் செஞ்சது சரியா இல்லையா, அதைச் சொல்லுங்க."

டீச்சர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மூட்டையை அவிழ்த்தார். ஒரு புத்தகத்தை எடுத்து, பின் அடித்த பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இங்க பாருங்க."

ஒவ்வொரு பின்னுக்குப் பக்கத்திலும் வேறே ஓட்டைகள் இருந்தன. ஒன்றிரண்டல்ல, சல்லடை மாதிரி. பின்னின் கால்கள் மெஷின் மடித்தது போல இல்லை. நகத்தால் மடித்தது போலக் கோணலாக இருந்தன.

இன்னொன்றை எடுத்தார். அதிலே ஒரு மூலையில் பின்னே இல்லை. சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டியிருந்தது. டீச்சர் அதை மெல்லப் பிரித்தார். உள்ளே ஓரமெல்லாம் எண்ணெய்க் கை பட்ட தடம். புத்தகத்தில் வேறெந்தப் பக்கமும் அவ்வளவு அழுக்காகவில்லை.

அண்ணாச்சி பிடுங்காத குறையாக அதை வாங்கிப் பார்த்தார். மூட்டைக்குள் கையை விட்டு இன்னொன்று, இன்னொன்று என்று எடுத்துப் பிரித்தார். எல்லாவற்றிலும் அதே கதைதான்.

"அட, பிரிச்சுப் படிச்சிட்டுத் திரும்ப மூடி வச்சிருக்குதுக! தினமும் நடந்திருக்கு போல!" அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை, கண்ணும் நிறைந்துவிட்டது. "அவங்க மூட மூட இதுக பிரிச்சிருக்குதுக டீச்சர்! நம்ம பிள்ளைகளை யாரு என்ன செய்ய முடியும்?"

டீச்சர் சிரிக்கவில்லை. காலடியில் கிடந்த மூட்டையைப் பார்த்தார்.

"நாளைக்கு எதைப் பிரிப்பாங்க அண்ணாச்சி?"