பனையேறி மீன் காற்றை விழுங்குவது ஏன்?

மீனும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், ஒரு பட்டணத்தின் நடுவே வாய்க்கால் ஒன்று ஓடியது. ஐப்பசி மழை விழுந்ததும் கீழே ஆற்றில் கிடக்கும் மீன்கள் அந்த வாய்க்கால் வழியாகப் பட்டணத்தைக் கடந்து, மேலே இருக்கும் ஏரிக்குப் போகும். புல் மூழ்கிய ஓரங்களில் முட்டையிடும்.

ஒரு கோடையில் பட்டணத்தில் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போயிற்று. ஊரார் கூடி வாய்க்காலின் குறுக்கே ஆள் உயரத்துக்குக் கல்சுவர் எழுப்பினார்கள். தண்ணீர் தேங்கியது, ஊர் பிழைத்தது. மீன்களை யாரும் நினைக்கவில்லை.

அடுத்த மழையில் மீன்கள் வந்து சுவரில் முட்டி நின்றன. மேலே நிரம்பிய தண்ணீர் வழுவழுப்பான கல்மேல் மெல்லிசாக வழிந்தது. கெண்டைகள் துள்ளிப் பார்த்தன. பாதி உயரம்கூட எட்டவில்லை. விழுந்த மீனைக் கொத்த நாரைகள் வந்தன. நாளுக்கு நாள் நாரைகள் கூடின, மீன்கள் குறைந்தன.

அந்தக் கூட்டத்தில் சேற்று நிறத்தில் ஒரு மீன் இருந்தது. மண்ணி என்று அதைக் கூப்பிட்டார்கள். அதற்குத் துள்ளவும் வராது. வயிறு நிறைய முட்டை. சுவர் ஒருநாள் தானாக இடியும், பொறுத்திரு என்று கெண்டைகள் சொல்லின. மண்ணியால் பொறுக்க முடியவில்லை. மழை விட்டால் வழியும் தண்ணீரும் நின்றுவிடும். இங்கேயே முட்டையிட்டால் ஒன்றும் மிஞ்சாது.

சுவரை ஒட்டியே காத்தாயி என்ற பெண் தேங்காய் நாரை ஊறவைத்துக் கயிறு திரித்து வந்தாள். மண்ணி அவள் காலடிக்கு வந்து, ஒரே ஒரு கல்லைப் பெயர்த்துவிடச் சொல்லிக் கெஞ்சியது.

“பெயர்த்தால் கோடையில் ஊர்ப் பிள்ளைகள் எதைக் குடிக்கும்? என்னால் ஆகாதடி,” என்றாள் காத்தாயி.

மண்ணி போகாமல் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தது. காத்தாயிக்கு வேலை ஓடவில்லை. நார் கையில் இருந்தது, கண் நாரைகள் மேல் இருந்தது. மழையும் தூறலாகிவிட்டது. சட்டென்று எழுந்து, பருத்த கயிறு ஒன்றைக் கரைமேல் நின்ற பனையின் அடியில் கட்டி, சுவரில் வழியும் தண்ணீரோடு தொங்கவிட்டாள்.

“கல் வழுக்கும், நார் வழுக்காது. பிடித்து ஏறு.”

“எனக்குக் கை இல்லையே, அம்மா.”

“இருப்பதைக் கொண்டு பிடி.”

மண்ணி செவுள்மூடிகளை விரித்து நாரில் மாட்டியது. வாலை உதைத்துத் தண்ணீரை விட்டு வெளியே வந்தது. அதுவரை எந்த மீனும் தானாக அப்படிச் செய்ததில்லை. நார் செவுளை அறுத்தது. பாதி வழியில் தூறல் நின்றது. கயிற்றில் வெறும் ஈரம்தான் மிச்சம். ஒரு நாரை கழுத்தை நீட்டி நெருங்கியது. காத்தாயி கோலை ஓங்கி அதை விரட்டினாள். குடத்தில் மொண்டு கயிற்றின்மேல் ஊற்றினாள். போதவில்லை. மண்ணிக்குக் கண் இருண்டது. செத்தாலும் சரி என்று வாயைத் திறந்து காற்றை விழுங்கியது.

சாகவில்லை. நெஞ்சு எரிந்தது, ஆனால் மூச்சு வந்தது. இன்னொரு வாய் விழுங்கிவிட்டு ஏறியது. சுவர் முடிந்தது தெரியாமல், பயத்தில் கயிற்றை விடாமல் பனையடி வரைக்கும் போய்விட்டது. அங்கே வந்து சேர்ந்த ஊரார் மரத்தடியில் மீனைக் கண்டு, பனையேறி என்று வியந்தார்கள்.

“போதும், விடு. தண்ணீர் பக்கத்தில்தான் இருக்கிறது,” என்றாள் காத்தாயி.

மண்ணி கயிற்றை விட்டு, ஈர மண்ணில் புரண்டு மேல்தண்ணீரில் விழுந்தது. அதைப் பார்த்து அதன் இனமெல்லாம் ஒவ்வொன்றாக ஏறின. கெண்டைகள் தண்ணீரை விட்டு வரப் பயந்து கீழேயே நின்றுவிட்டன.

பனையேறியின் செவுள்மூடியில் அறுபட்ட இடமெல்லாம் முள்முள்ளாக ஆறியது அப்போதிருந்துதான். முதல் மழையில் அது ஈரத் தரையில் ஊர்ந்து மேடு தாண்டுவதும் அப்போதிருந்துதான். ஏரி நிறையத் தண்ணீர் இருந்தாலும் சற்றைக்கொரு தரம் மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிக்கொண்டு போகிறது, அடுத்த சுவர் எங்கே நிற்குமோ என்று.