வெண்ணியின் கல்வீடு

வெண்ணி மலைக்காரி. தன் அம்மாவைப் போலக் கல்வீட்டில்தான் கிடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு இறந்தாள். அவள் கணவர் கோடன் கீழ்நாட்டுக்காரர். அங்கே இறந்தவரைத் தாழியில் வைத்துப் புதைப்பதோடு சரி. அவருக்குக் கல்வீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் மலையில் கல்வீடு கட்டும் எயினியிடம் சீடராகச் சேர்ந்தார். ஆசானைவிடச் சீடருக்குப் பன்னிரண்டு வயது அதிகம்.

“என் கையாலேயே அவளுக்குக் கட்டணும், தாயி.”

“கட்டலாம் அண்ணே. முதுகுதான் ஒடியும்.”

ஒடியத்தான் செய்தது. பாறையில் தீ மூட்டி, சூட்டோடு தண்ணீர் ஊற்றி, சுவருக்கு நான்கு பலகைகளையும் மேலே வைக்க ஒரு மூடுகல்லையும் பிளந்தெடுத்தார்கள். கிழக்கே நிற்க வேண்டிய பலகையில் ஒரு சாண் அகலத்துக்கு வட்டத் துளை போடச் சொன்னாள் எயினி.

“துளை எதுக்கு?”

“கட்டி முடிங்க, சொல்றேன்.”

பத்து நாள் உளியும் கையுமாக இருந்தார் கோடன். எயினி வந்து பார்த்தபோது துளை ஒரு முழத்துக்கு மேலேயே இருந்தது. அவள் துளையைப் பார்த்தாள், அவர் தோளைப் பார்த்தாள், பலகைகளை நிறுத்த ஆள் கூப்பிடப் போனாள்.

பலகைகளை ஒன்றையொன்று தாங்கும்படி நிறுத்தினார்கள். மூடுகல்லின் பாரத்தில் சரியாமலிருக்க உள்ளே மண்ணை நிரப்பினார்கள். மேற்கே சரிவாக மண் கொட்டி, உருட்டுக்கட்டைகளின் மேல் நாற்பது பேர் மூடுகல்லை இழுத்தேற்றினார்கள். பிறகு சரிவை வெட்டி எடுத்தார்கள். உள்ளிருந்த மண் மட்டும் பாக்கி.

“அதை நானே அள்ளுறேன்” என்றார் கோடன்.

துளை வழியாக நுழைந்து இரண்டு நாள் அள்ளினார். மலை வழக்கப்படி எரித்து எடுத்து வைத்திருந்த வெண்ணியின் எலும்புகள் இருந்த பானையை உள்ளே கொண்டுபோய் வைத்தார். வைத்தவர் திரும்பி வரவில்லை.

எயினி துளையருகே உட்கார்ந்தாள்.

“அண்ணே, வெளியே வாங்க.”

“இங்க இடம் இருக்கு தாயி. கல்லை வச்சு அடைச்சிட்டுப் போ. அவ இல்லாத வீட்டுல என்னால இருக்க முடியல. அவளைத் தேடுது.”

எயினி துளைக்குள் தலையை நீட்டிக் கேட்டாள்.

“அவங்களுக்கு என்ன சோறு பிடிக்கும்?”

“தினைச்சோறு. தேன் ஊத்தி.” உள்ளிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “நான்தான் பிசையணும். வேற யாரு பிசைஞ்சாலும் தொடமாட்டா.”

“துளை எதுக்குன்னு கேட்டீங்களே. அமாவாசைக்கு அமாவாசை அந்தச் சோத்தை உள்ளே நீட்டுறதுக்கு. கை நுழைஞ்சாப் போதும்னுதான் ஒரு சாண் சொன்னேன். நீங்களும் உள்ளேயே படுத்துட்டா, யாரு பிசைஞ்சு கொண்டு வருவாங்க அண்ணே?”