அலசான் இறங்கிய ஊர்கள்

"செரிஞ், நான் இந்த ஊரை விட்டுப் போறேன்" என்றான் அலசான்.

செரிஞ் என்றால் குரு. இத்தாலியில் பிரெஷா நகரத்துச் செனகல்காரர்கள் மொத்தாரை அப்படித்தான் அழைத்தார்கள். கூடி ஓதவும், ஊருக்குப் புதிதாக வருகிறவர்களுக்குக் கைகொடுக்கவும் அவர்கள் ஒரு வட்டம் வைத்திருந்தார்கள். அதற்கு மொத்தார்தான் தலைவர். அலசானைவிட வயதில் இளையவர். இருவருக்கும் ஒரே இரும்பு உருக்காலையில் வேலை.

சோறும் மீனும் நிறைந்த பெரிய சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களிடம் மொத்தார் சைகை காட்டினார். அவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

"முதல்ல சாப்பிடுங்க."

"பசி இல்லை."

"இங்கே என்ன குறை?"

"குறைன்னு சொல்ல ஒண்ணும் இல்லை. வந்து இறங்கின அன்னிக்கே ஸ்டேஷன்ல ஆள் நின்னாங்க. படுக்க இடம் கொடுத்தீங்க. பாஷை சொல்லிக் கொடுத்தீங்க. வேலையும் நீங்க பேசி வாங்கித் தந்ததுதான். இந்தக் கோட்டுகூட யாரோ போட்டுக் கழிச்சது."

"குளிருக்கு அடக்கமா இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன?"

"ஊர்ல எம் பொஞ்சாதி யாஸின் போன்ல கேக்குறா, எங்களை எப்போ கூட்டிட்டுப் போவீங்கன்னு. வீடு இருந்தாத்தானே குடும்பத்துக்கு விசா? எம் பொண்ணு நடக்கப் பழகினதை நான் பார்க்கலை. இப்போ பள்ளிக்கூடம் போறா. நான் இன்னும் ஊரார் வீட்டுக் கட்டில்ல கிடக்கேன். எந்த ஊருக்குப் போனா என் கால்ல நான் நிப்பேன்? அதைச் சொல்லுங்க."

மொத்தார் ஒரு மீன் துண்டில் முள்ளை எடுத்துவிட்டு, அவன் பக்கம் தள்ளி வைத்தார்.

அலசான் தொடவில்லை.

மொத்தார் கை கழுவிவிட்டுப் போனை எடுத்தார்.

"ஜெனோவாவுல நம்மாள் தெம்பா இருக்கார். சொல்லி வைக்கிறேன்."

ஜெனோவாவில் மழை. தெம்பா குடையோடு நின்றிருந்தார். வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை கிடைத்தது. அதுவும் தெம்பா சொல்லித்தான். அலசானுக்குப் பல்வலி வந்தபோது தெம்பா தன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு மருத்துவமனைக்குக் கூட வந்தார்.

"நீங்க எதுக்கு வர்றீங்க? நான் என்ன குழந்தையா?"

"விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுன்னு இத்தாலிக்காரன்கிட்ட எப்படிச் சொல்வீங்க?"



பல்வலி நின்றது. மனசு நிலைகொள்ளவில்லை. அந்த வாரமே மொத்தாரைக் கூப்பிட்டான்.

"இங்கேயும் அதே கதைதான், செரிஞ்."

"ரவென்னாவுல ஆவாக்கா சலூன் வச்சிருக்காங்க."

இந்த முறை மொத்தார் சொன்ன ரயிலில் அலசான் போகவில்லை. வேறு ரயில் பிடித்து, ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். ஊருக்குள் நுழைந்ததும் தெருமுனைக் கடையிலிருந்து ஒருவன் செனகலின் வோலோஃப் மொழியில் சத்தம் போட்டான்.

"அலசான்தானே? அக்கா சோறு போட்டு மூடி வச்சிட்டு உட்கார்ந்திருக்காங்க!"

அங்கிருந்து திரியெஸ்தே. அங்கே தங்க இடம் கொடுத்தவரிடம் ஒரு நாள் வாய்விட்டே சொல்லிவிட்டான். "உங்க உதவி எனக்கு வேண்டாம். என்னை விட்டுடுங்க."

அவர் கோபப்படவில்லை. தெருவாசல் வரை வந்து வழியனுப்பினார். அலசானுக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஸ்டேஷனில் நின்றபடியே போன் செய்தான்.

"நம்மாள் யாருமே இல்லாத ஊர் ஒண்ணு சொல்லுங்க, செரிஞ்."

"நம்மாள் இல்லாத ஊர் எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் மொத்தார். "அதை நீங்கதான் தேடணும்."

அலசான் தேடினான். ரயில்பாதை மலைக்குள் போய் முடிகிற இடத்தில் ஒரு சின்ன ஊர் இருந்தது.

இறங்கினான். பிளாட்பாரத்தில் பனி கொட்டிக் கிடந்தது. ரயில் கார்டு ஒருவரைத் தவிர யாரும் இல்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தான்.

முதல் சில நாள் ஸ்டேஷன் பெஞ்சிலேயே படுத்தான். ஆஸ்திரிய எல்லைப் பக்கம் என்பதால் கடைத்தெருவில் பாதிப்பேர் ஜெர்மன் பேசினார்கள். மர அறுவை ஆலை வாசலில் தினமும் விடிந்ததும் போய் நின்றான். "வேலை இல்லை, போ" என்றார் மேஸ்திரி. மறுநாளும் நின்றான். ஒரு நாள் மேஸ்திரியே அலுத்துப்போய் ஒரு துடைப்பத்தைக் கையில் கொடுத்தார். பனி போகும் முன்னே அலசான் ரம்பத்தில் வேலைக்கு நின்றான்.

மூடிக் கிடந்த ஒரு ரொட்டிக்கடைக்கு மேலே வீடு காலியாக இருந்தது. போனில் கேட்டபோது, ஆள் வந்துவிட்டதாக வீட்டுக்கார அம்மாள் சொன்னாள். நேரில் போனான். கதவைத் திறக்கவில்லை. திரும்பத் திரும்பப் போனான். கடைசியில் அவள் கதவைத் திறந்து, "மரத்தூளை உதறிட்டு உள்ளே வா" என்றாள்.

அந்த வீட்டில் அவன் காய்ச்சலில் விழுந்தான். தண்ணீர் மொண்டு தர ஆளில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு தானே படியிறங்கி டாக்டரிடம் போனான். உடம்பு தேறிய பிறகு, சமைக்கும்போது தன் மொழியில் சத்தமாகப் பேசிக்கொள்ளும் பழக்கம் வந்தது. யாஸினிடம் அதைச் சொல்லவில்லை.

விசா வந்தது.

வெகுநாள் கழித்து மொத்தாரைக் கூப்பிட்டான்.

"செரிஞ், யாஸினும் பொண்ணும் வர்றாங்க."

"அல்ஹம்துலில்லாஹ்! வீடு?"

"நானே பிடிச்சேன். வேலையும் நானே."

"சந்தோஷம்."



"செரிஞ், இங்கே யாரும் இல்லை. ஞாயித்துக்கிழமை வந்தா மலையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். நான் வேலைக்குப் போனப்புறம் அவ யார்கிட்டப் பேசுவா? பொண்ணுக்கு ராத்திரி உடம்புக்கு ஒண்ணுன்னா யார் வீட்டுக் கதவைத் தட்டுறது? இங்கே கொண்டாந்து அவங்களை எப்படி விடுவேன்? பிரெஷாவுக்கே திரும்பி வந்துடட்டுமா?"

"ஸ்டேஷன்லேர்ந்து உங்க வீடு தூரமா?"

"இல்லை. நடக்கிற தூரம்தான்."

"டாக்டர் எப்படி?"

"நல்ல மனுஷன். பாஷை வரலைன்னா பொறுமையாக் கேப்பார்."

"ஆலையில ஆள் எடுக்கிறாங்களா?"

"எடுக்கிறாங்க. முதல்ல இல்லைன்னுதான் சொல்வாங்க. விடாமப் போய் நிக்கணும். மேஸ்திரிகிட்ட இப்போ நான் சொன்னாலும் கேப்பார். எதுக்குக் கேக்குறீங்க? நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க, செரிஞ். வரட்டுமா, வேண்டாமா?"

 மொத்தார் போனை வாயிலிருந்து விலக்கிக்கொண்டு, அறையில் இருந்த யாரிடமோ பேசுவது கேட்டது.

"மலைப்பக்கம் ஒரு ஊர்ல ஆள் எடுக்கிறாங்களாம். கிளம்புங்க. பயப்பட வேண்டாம், அங்கே நம்மாள் ஒருத்தர் இருக்கார்."