இரண்டு பக்கமும் ஆடியவர்

சதுரங்கம் ஆடினால் மூளை வளரும் என்று யாரிடமாவது சொல்லப்போனால், கொடுக்காப்பாளையத்து ராஜா வடமலைப் பூபதியை மட்டும் உதாரணம் காட்டிவிடாதீர்கள். காரியமே கெட்டுப்போகும்!

மனிதர் முப்பது வருஷமாகத் தினமும் ஆடினார். ஒரு ஆட்டம்கூடத் தோற்றதில்லை. குதிரையை யானை மாதிரி நேராக ஓட்டுவார். அதற்கும் சபை "பேஷ், பேஷ்!" என்னும். ராஜாவை ஜெயித்தவன் தலை போகும் என்பது அரண்மனைச் சட்டம். பிறகு எவன் ஜெயிப்பான்?

எதிரில் உட்கார்ந்து தினமும் தோற்பவர் அம்பலவாணர். சபையிலேயே மூத்த ஆலோசகர். எழுபத்தெட்டு வயசு. பல் நாலுதான் மிச்சம், வாய் மட்டும் குறையவில்லை.

அவர் பதவிமேல் இளம் தளவாய் வீரமுத்துவுக்கு ஒரு கண்.

"மகாராஜா, கிழவர் மூளை துருப்பிடித்துவிட்டது. முப்பது வருஷத்தில் ஒரு தடவையாவது ஜெயித்தாரா?"

"அட, ஆமாம்!" என்றார் ராஜா. "அம்பலவாணரே, நாளைக்கும் தோற்றால் மூட்டையைக் கட்டும்!"

ஜெயித்தால் தலை போகும். தோற்றால் பிழைப்பு போகும். கிழவர் ராத்திரி முழுக்கப் பலகையை முன்னால் வைத்துக்கொண்டு காய்களை நகர்த்திப் பார்த்தார்.

மறுநாள் பாதி ஆட்டத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"மகாராஜா, முடியவில்லை. துருப்பிடிக்காத மூளைக்காரர் தளவாய் இருக்கிறாரே, என் காய்களை அவர் ஆடட்டும்."

"சரி, உட்காரடா!" என்றார் ராஜா.

தளவாய் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தான். பலகையைப் பார்த்தான். யானையை நகர்த்தினால் ராஜா தோற்பார். மந்திரியை நகர்த்தினாலும் தோற்பார். அவனுக்கு வியர்த்தது.

"ம், சீக்கிரம்!"

தளவாய் கழுத்தைத் தடவிக்கொண்டான். "ஐயோ மகாராஜா, கிழவர் என் தலைக்கு உலை வைத்துவிட்டார்! எப்படி ஆடினாலும் தாங்கள் தோற்பீர்கள்!"

அம்பலவாணர் குனிந்து, மூலையில் கிடந்த ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார்.

"இப்போது மகாராஜா ஜெயிக்கலாம்."

ராஜாவுக்கே அது புரிந்துவிட்டது. முகம் சிவந்தது. "அப்படியானால் இத்தனை வருஷமும்..."

"தங்களை ஜெயிக்கச் சின்னப்பிள்ளை போதும், மகாராஜா. சந்தேகம் வராமல் தோற்கத்தான் தினமும் மூளையைக் கசக்கினேன். அதனால்தான் இந்த வயசிலும் துரு ஏறவில்லை."

"நானும்தானே ஐயா முப்பது வருஷம் ஆடினேன்! எனக்கு ஏன் மூளை வளரவில்லை?"

"தாங்கள் எங்கே ஆடினீர்கள்? இரண்டு பக்கமும் நான்தானே ஆடினேன்!"

ராஜா ஒரு கணம் முறைத்தார். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார். முத்துமாலையைக் கழற்றிக் கிழவர் கழுத்தில் போட்டார். தலை வாங்கும் சட்டமும் அன்றோடு ஒழிந்தது.

மறுநாள் ராஜா ஆறே நகர்த்தலில் தோற்றார். "அடுக்கும் ஐயா காயை!" என்றார், ஐம்பத்தெட்டு வயசில் முதல்முறையாகத் தலையைச் சொறிந்துகொண்டு.