குழாய் மரை நுனியில் மெலிந்த கதை

அந்தக் காலத்தில் இரும்புக்கும் தண்ணீருக்கும் வாய் இருந்தது. இரண்டுமே அதை அளவுக்கு மீறிப் பயன்படுத்தின.

மலையடிவாரத்து ஊரொன்றில் குயிலாள் என்பவள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, காலால் மிதித்து ஓட்டும் கடைசல் எந்திரத்தில் இரும்புக் குழாய்களின் முனையில் திருகிப் பூட்டுவதற்கான மரை வெட்டிக்கொண்டிருந்தாள். மேட்டுச் சுனையின் நீரைக் குழாய்வழி வீட்டுக்கு இறக்கிவிட வேண்டும் என்பது அவள் தீர்மானம். அவளுடைய நாத்தனார் பூவாயி நிறைமாதக் கர்ப்பிணி. நாளுக்கு ஆறு நடை மலையேறிக் குடம் சுமந்தாள். அதைத் தடுக்க வேண்டும் என்று அந்த வீட்டு ஆண்கள் எவருக்கும் தோன்றவில்லை.

சுனைநீர் நிபந்தனை விதித்தது. எதையும் நோண்டிப் பார்க்காமல் இருக்க முடியாத பிறவி அது.

"மூணு தடவை வருவேன். சந்து கிடைச்சா வெளியே போயிருவேன். மூணாவது தடவையும் கிடைச்சுதுன்னா மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிருவேன். அப்புறம் உங்க ஊரை எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன்."

அப்போதெல்லாம் குழாயின் மரை நுனியிலிருந்து அடிவரை ஒரே பருமன். குயிலாள் மயிரிழை பிசகாமல் வெட்டினாள். ஆனாலும் முதல் தடவை, முதல் மூட்டிலேயே நீர் வெளியே வந்து நின்றது.

"மரை ரொம்ப அழகுடியம்மா. சுத்திச் சுத்தி இறங்கப் படிக்கட்டு கட்டி வச்ச மாதிரி இருக்கு."

இரண்டாம் தடவைக்கு அவள் இன்னும் இறுக்கினாள். குழாயின் மரை முழுவதும் மூட்டுக்குள் போய், அங்கேயும் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஏன் நிக்க மாட்டேங்குற?" என்றாள்.

"எங்க நிக்கச் சொல்ற? எல்லா இடமும் ஒரே அகலம்" என்றது குழாய்.

இரண்டு குழாய்களை இணைக்கும் சாக்கெட்டுக்கு அதைவிட எரிச்சல். "சம்பந்தி வீட்டு ஆள் மாதிரி நேரா அடுப்படிவரைக்கும் வந்துட்டான். நான் எதைப் பிடிச்சு நிறுத்துறது?"

இரண்டாம் தடவையும் ஒழுகியது. பூவாயி குடத்தை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"விட்டுருங்க அண்ணி. இருக்கிற சுனையும் போச்சுன்னா ஆத்துவரைக்கும் நடக்கணும். என்னால ஆகாது."

"நீ பிள்ளை பெறப் போறியா, தண்ணி சுமக்கப் போறியா?"

"ரெண்டும்தான். என்னை யாரு கேட்டா?"

அந்தப் பதில் குயிலாளுக்குச் சுருக்கென்றது. எந்திரத்தில் அரைகுறையாக நின்ற குழாயைக் கோபத்தோடு தன் பக்கமாக வெடுக்கென்று இழுத்தாள். குழாயின் கடைமுனையைத் தாங்கும் கட்டை ஒரு நெல்லளவு அவள் பக்கம் நகர்ந்துவிட்டது. அதைக் கவனிக்காமல் வேறொரு குழாயைப் பொருத்தி மரையை வெட்டி முடித்தாள்.

வெளியே எடுத்தபோது நுனி மெலிந்தும் பின்புறம் தடித்தும் இருந்தது. வேலை தெரிந்தவள் வெளியே சொல்ல வெட்கப்படும் கோணல். கழிவுக் குவியலை நோக்கிக் கையை ஓங்கினாள்.

"வெட்டுனது நீ, பழி எனக்கா?" என்றது குழாய். "ஒரு தடவை மாட்டிப் பார்த்துட்டுத் தூக்கிப் போடு."

மாட்டினாள். நான்கு சுற்று கையாலேயே போனது. ஐந்தாவதற்கு ரெஞ்சு வேண்டியிருந்தது. ஆறாவதில் உடம்பின் எடை முழுவதையும் அதன்மேல் போட்டாள்.

"போதும் தாயே, விலா நொறுங்குது" என்று சாக்கெட் முனகியது. அதற்குமேல் குழாய் அசையவில்லை. இரண்டு மரை வெளியே மிச்சம் நின்றது.

அவள் கைவேலையில் இதுவரை எதுவும் மிச்சம் நின்றதில்லை. இது குறையா, குணமா என்று விளங்காமல் எந்திரத்தை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தாள். நகர்ந்த கட்டையைக் கண்டுபிடித்தாள். அதைத் திருத்தாமல், எல்லாக் குழாய்களையும் அதே கோணலில் வெட்டினாள்.

மூன்றாம் தடவை நீர் வந்தது. மரையைச் சுற்றிச் சுற்றித் துழாவியது. போகப் போக வழி நெருங்கி, கடைசியில் அடைந்தே போயிற்று. மூட்டருகே நின்று, குரலில் தேன் தடவிக் கேட்டது:

"உள்ளே என்னடி செஞ்சே? கால் சுத்து மட்டும் தளர்த்திக் காட்டு. பார்த்துட்டுப் பேசாம கீழே போயிர்றேன்."

குயிலாளின் கை ரெஞ்சுக்குப் போனது. அவள் என்ன செய்தாள் என்று அதுவரை ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டது தண்ணீர் ஒன்றுதான்.

கொட்டகை வாசலில் பூவாயி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அண்ணி, வலி எடுத்துருச்சு. தண்ணி வந்துருச்சா?"

குயிலாள் ரெஞ்சைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு மரை வெளியே இருக்கு" என்றாள் தண்ணீரிடம். "அதை வேணும்னா எண்ணிப் பார்த்துக்க. உள்ளே இருக்கிறதைத் திறந்து காட்ட மாட்டேன். இப்போ கீழே போ, வேலை கிடக்கு."

சந்து கிடைக்காத நீர் குழாய்வழியே வீட்டுக்கு இறங்கியது. அண்டா நிறைந்தது, பிள்ளையும் பிறந்தது.

அன்று முதல்தான் குழாய் மரை நுனியில் மெலிந்து அடியில் தடித்திருக்கிறது. இறுக்கிய மூட்டைக் கால் சுற்றுக்கூடப் பின்னால் தளர்த்தக் கூடாதென்பதும் அன்று முதல்தான். சொட்டுக்கூடக் கசியாத மூட்டில், வெளியே நிற்கும் இரண்டு மரைகளின்மேல் சில காலைகளில் ஈரம் பூத்திருக்கிறதே, அது தண்ணீர் எண்ணிப் பார்த்துவிட்டுப் போன தடம்.