பச்சையிலே பறித்த காசித்தும்பைக் காய்

காட்டோரத்தில் ஆளில்லாத ஒரு தோட்டம். காட்டுத்தீ எல்லாவற்றையும் சுட்டுப் பொசுக்கியபோது, அங்கே குளத்தருகே ஒரு பாத்தி காசித்தும்பையும் ஒரு மருதமரமும் மட்டும் தப்பின. அந்த மருதமரத்தில் தேனீக்கள் கூடு கட்டியிருந்தன. அதே மரத்துப் பொந்தில் வெடுக்கன் என்ற அணில் இருந்தது.

குளம் வற்றியது. செடிகள் வாட ஆரம்பித்தன. பொன்னரி என்ற மூத்த தேனீ அணிலிடம் வந்தது.

"மழை வந்து விதை முளைச்சு மறுபடி பூக்கிற வரைக்கும்தான் எங்க தேன் தாங்கும். பூக்கலேன்னா நாங்க செத்தோம். இப்பவே வேற காட்டுக்குப் போயிடட்டுமா?"

"எங்கேயும் போகாதீங்க! விதையை நான் காப்பாத்தித் தர்றேன்!" என்று அணில் மார் தட்டியது.

சொன்னதோடு நின்றிருக்கலாம். அணிலுக்குத்தான் கை சும்மா இருக்காதே! அன்றைக்கே பாத்தியில் இறங்கிக் காய்களைப் பறிக்க ஆரம்பித்தது.

வேலியோரம் போன எலி பதறிப்போய்க் கத்தியது. "அடேய், அது பச்சைக் காய்டா! வெளுத்து உப்பட்டும். தொட்டதும் வெடிக்கும். விதை கறுத்திருக்கும். அப்போ பறி!"

"அதுவரைக்கும் விட்டு வச்சா நீ வந்து காலி பண்ணிடுவே! திருட்டுப் பயலே!"

"தின்பேன்தான். இல்லேன்னு சொல்லலையே! ஆனா என் வயிறு எவ்வளவு கொள்ளும்? மிச்சம் முளைக்கும். நீ பறிச்சா மிச்சமே இருக்காதுடா!"

பொன்னரிக்கு மனசு கேட்கவில்லை. ஒரு காயைப் பிரிக்கச் சொல்லிப் பார்த்தது. "விதை வெள்ளை வெளேர்னு இருக்கே!"

"காய்ஞ்சா தானா கறுத்துடும்! உனக்கு நான் பெரிசா, அந்த எலி பெரிசா?"

பாவம், தேனீ அதை நம்பிக் கூட்டுக்குத் திரும்பிவிட்டது. அணில் ஒரு காய் விடாமல் பறித்தது. எலிக்குப் பயந்து பொந்துக்குள் திணித்து, மண் வைத்து அடைத்தது.

மழை வந்தது. அணில் பொந்தைத் திறந்தது. குப்பென்று நாற்றம் அடித்தது. பாதி பூசணம் பிடித்திருந்தது. மிச்சம் சுருங்கிப் பதராய்க் கிடந்தது. எல்லாவற்றையும் பாத்தியில் இறைத்தது. புல் முளைத்தது. கோரை முளைத்தது. காசித்தும்பை முளைக்கவே இல்லை.

கூட்டில் தேன் தீர்ந்தது. இனி வேறு காட்டுக்குப் போக வலுவில்லாமல் தேனீக்கள் மரத்தடியில் உதிர்ந்தன. பொன்னரிக்குப் பறக்கவும் தெம்பில்லை. கூட்டிலிருந்து அணிலின் கையில் விழுந்தது.

"ஒரு காய்கூடச் செடியில விடலையா வெடுக்கா?"

"ஒண்ணுகூட விடலையே!" என்று அணில் ஓவென்று அழுதது.

கேட்டுக்கொண்டிருந்த தேனீ அசையவில்லை. அந்த வழியாக வந்த எலி நின்று பார்த்தது. காலியான பாத்தியைத் தாண்டி, இரை தேடி வேறு காட்டுக்குப் போய்விட்டது.

பகையாளி சொன்னான் என்பதற்காகவே உண்மையைத் தள்ளுகிறவன், அந்தப் பகையாளியால்கூடச் செய்ய முடியாத நாசத்தைத் தன் கையாலேயே செய்துவிடுவான்.