ஒரு சாண் மண்

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு நழுவக் கூடாது. கடைசியில் ஒன்று கேட்பேன், மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

நீலகிரிச் சரிவில் ஓர் ஊர். அங்கே கலாமணி வீட்டுத் தோட்டத்தில் மர டேலியா நின்றது. பதினைந்தடி உயரம், மூங்கில் கனத்தில் தண்டு, கார்த்திகையில் உச்சியில் ஊதாப் பூ. பூத்து முடிந்ததும் அடியோடு வெட்டிவிடுவாள். மறு வருஷம் அதே கிழங்கிலிருந்து எழும்பும். "வெட்டின தண்டப் படுக்க வெச்சு ஒரு சாண் மண்ணு போடு ராமாத்தா, கணுவுக்குக் கணு மொளைக்கும்" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் மதிலுக்கு மேலாக எட்டிச் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

ராமாத்தாளின் புருஷன் சுப்பராயனுக்கு அந்தப் பூவைக் கண்டாலே ஆகாது. தன் பீன்ஸ் பாத்திக்கு வெயில் விழவில்லை என்று தினமும் ஏச்சு. ஒரு கார்த்திகை நண்பகலில் மதில்மேல் ஏறி அரிவாளால் தண்டுகளைச் சரித்தான். தடுக்க வந்தவன் கலாமணியின் புருஷன் மயில்சாமி. கழுத்தில் ஒரு வெட்டு, தோளில் இரண்டு. மனுஷன் அங்கேயே செத்தான். ரத்தம் தெறித்த தண்டுகள் சுப்பராயன் பக்கம் விழுந்துகிடந்தன. பார்த்தது ராமாத்தாள் ஒருத்திதான்.

சுப்பராயன் அவள் கூந்தலைக் கையில் சுற்றி இழுத்து, பெற்ற மகள் தலையில் கை வைக்கச் சொன்னான். "வாயத் தொறந்து ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்தாள்.

"அருவாளையும் தண்டையும் இடுப்பளவு ஆழத்துல பொதச்சுரு" என்றான். அவள் ஒரு சாண்தான் தோண்டினாள். அவன் போய்ப் பார்க்கவில்லை. மறு மாதமே திருப்பூர் மில்லுக்கு வேலைக்குப் போய்விட்டான்.

போலீஸ் பிடித்தது மயில்சாமியின் தம்பி திருமூர்த்தியை. முந்தின நாள் அண்ணனோடு கைகலப்பு, அது போதுமாக இருந்தது. சிறையில் எவனோ அடித்ததில் அவனுக்கு ஒரு காது கேட்காமல் போயிற்று. கலாமணி வீட்டைப் பூட்டிவிட்டுத் தாய்வீடு போனாள். அந்தக் கோடையில் குழாய் வறண்டது. ராமாத்தாள் ஓடையிலிருந்து தினம் இரண்டு குடம் சுமந்து மதிலோரம் ஊற்றினாள்.

வருஷத் திதிக்கு வந்த கலாமணி மதிலுக்கு அப்பால் பார்த்தாள். ஒன்பது மர டேலியா, கயிறு பிடித்தாற்போல் ஒரே வரிசையில், கூரைக்கு மேலே பூத்து நின்றன. அவள் அந்த வீட்டுக்கு ஒரு துண்டுத் தண்டுகூடக் கொடுத்ததில்லை. புருஷன் செத்த அன்று அவள் தோட்டத்தில் வெட்டுப்பட்ட தண்டுகள்தான் காணாமல் போயிருந்தன. நேரே ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

போலீஸார் சுப்பராயனைத் திருப்பூரிலிருந்து கூட்டிவந்து, பக்கத்தில் நிற்க வைத்துத் தோண்டினார்கள். அரிவாள் வெளியே வந்ததும் அவன் திமிறி ஓடிவந்து ராமாத்தாளின் முகத்தில் உதைத்தான். முன்பற்கள் இரண்டு மண்ணில் விழுந்தன.

"சொல்லிட்டியாடி?"

வாய் நிறைய ரத்தத்தோடு அவள் சொன்னாள்: "நாஞ் சொல்லலைங்க. தண்ணிதான் ஊத்துனேன்."

இப்போது சொல்லுங்கள். ராமாத்தாள் சத்தியத்தைக் காத்தாளா, உடைத்தாளா? அவள் செய்தது சரியா?

என்னைக் கேட்டால், உடைத்தாள், தெரிந்தே உடைத்தாள். மறைக்க நினைத்தவள் இடுப்பளவு தோண்டியிருப்பாள், கோடையில் குடம் சுமந்திருக்க மாட்டாள். அந்தச் சத்தியம் உடைக்க வேண்டியதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பூ பூக்க ஒரு வருஷம் ஆயிற்று, ஸ்டேஷனுக்கு நடக்க அரை மணி நேரம் போதும். விடுதலையாகி வந்த திருமூர்த்தியிடம் அவள் மன்னிப்புக் கேட்டாள். கேளாத காதுப் பக்கம் நின்று கேட்டுவிட்டாள். அவன் திரும்பி, இன்னொரு தரம் சொல்லச் சொன்னான்.